சுங்கச்சாவடியில் கட்டிய பணம் எங்கே போகிறது?



இன்று சாலையைப் பற்றிப் பேசப் போகிறேன். "எங்களிடம் கார் இல்லை. லாரி இல்லை. சுங்கச்சாவடியைப் பற்றி எங்களுக்கு எதற்குப் பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம்.

சந்தையில் தக்காளி வாங்குகிறோம். அந்தத் தக்காளி லாரியில் வந்தது. வழியில் லாரிக்காரர் சுங்கம் கட்டினார். அதை வாடகையில் சேர்த்தார். வியாபாரி அந்த வாடகையைத் தக்காளி விலையில் சேர்த்தார். கடைசியில் கட்டியது யார்? நாம்தான்.

பேருந்தில் போகிறோம். பேருந்தும் சுங்கம் கட்டுகிறது. அதுவும் நம் டிக்கெட்டில் இருக்கிறது. ஆகவே, கார் இல்லாதவரும் சுங்கம் கட்டுகிறார். கட்டுகிற பணத்துக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சாலை போடப் பணம் ஏது?

நல்ல சாலை வேண்டும். நிலம் வாங்க வேண்டும். பாலம் கட்ட வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டும். அது மூன்று வழிகளில் வரும்.

முதல் வழி, வரிப்பணம். பெட்ரோல், டீசல் விலையில் சாலைக்கென்று ஒரு பங்கு வசூலாகிறது. இரண்டாவது வழி, அரசு வாங்கும் கடன். மூன்றாவது வழி, தனியார் பணம். தனியார் சும்மா தருவாரா? தர மாட்டார். போட்ட பணத்தை லாபத்தோடு எடுக்க வேண்டும். அதற்குத்தான் சுங்கம்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இல் வந்தது. அப்போது சாலை போடுவது அரசின் வேலை. 1988-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒரு சட்டம் வந்தது. 1995-இல் அந்த ஆணையம் வேலையைத் தொடங்கியது. அதே 1995-இல் சட்டம் திருத்தப்பட்டது. தனியாரும் தேசிய நெடுஞ்சாலை போடலாம், சுங்கம் வசூலிக்கலாம் என்று ஆனது.

பிறகு தங்க நாற்கரச் சாலைத் திட்டம் வந்தது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் அது இணைத்தது. அதன் நீளம் 5,846 கிலோமீட்டர். அதற்குப் பிறகு சுங்கச்சாவடிகள் பெருகின. 2023-24ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 55,000 கோடி ரூபாய்க்கு மேல் சுங்கம் வசூலானது.

மூன்று வகை ஒப்பந்தம்

அரசும் நிறுவனமும் ஒப்பந்தம் போடுகின்றன. அதில் பல வகை உண்டு. பெயர்கள் பெரிதாக இருக்கும். விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்.

ஒரு புன்செய் நிலம் இருக்கிறது. அதில் கிணறு இல்லை. ஒருவர் வருகிறார். "நானே கிணறு வெட்டுகிறேன். மோட்டார் வைக்கிறேன். 20 வருடம் விளைச்சலை எடுத்துக்கொள்கிறேன். பிறகு கிணற்றோடு நிலத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன்" என்கிறார். இது முதல் வகை. இங்கே கிணறு என்பது சாலை. விளைச்சல் என்பது சுங்கம். கட்டு, நடத்து, திருப்பிக் கொடு என்பதே இதன் பொருள். இதை பி.ஓ.டி. என்பார்கள்.

இரண்டாவது வகை ஒத்தி. சில ஊர்களில் போக்கியம் என்பார்கள். நிலம் நன்றாக விளைகிறது. சொந்தக்காரருக்கு மொத்தமாகப் பணம் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை ஒத்திக்கு விடுகிறார். ஒத்திக்காரர் வருடக் கணக்கில் அனுபவிக்கிறார். அரசும் இப்படிச் செய்கிறது. ஏற்கெனவே போட்ட சாலையைக் கொடுத்து, மொத்தப் பணம் வாங்குகிறது. 2018-இல் ஆந்திரப் பிரதேசம், குஜராத் ஆகிய மாநிலங்களில் 9 சாலைப் பகுதிகள் இப்படிக் கொடுக்கப்பட்டன. காலம் 30 வருடம். கிடைத்த தொகை 9,681 கோடி ரூபாய்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நில ஒத்தியில் கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாலையில் அது தேவையில்லை. காலம் முடிந்ததும் சாலை தானாகத் திரும்பி வரும்.

மூன்றாவது வகை 2016-இல் வந்தது. வேலை நடக்கும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு கொடுக்கிறது. மீதி 60 சதவீதத்தை 15 வருடத்தில் தவணையாகக் கொடுக்கிறது. சுங்க வசூல் அரசுக்கே சேரும். வண்டி குறைந்தாலும் நிறுவனத்துக்குத் தவணை வந்துவிடும்.

நிறுவனம் போடும் கணக்கு

கணக்குக்காக ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சுங்கச்சாவடி. ஒரு நாளைக்கு 10,000 வண்டிகள் போகின்றன. ஒரு வண்டிக்குச் சராசரியாக 100 ரூபாய்.

ஒரு நாள் வசூல்: 10,000 × 100 = 10 லட்சம் ரூபாய்.
ஒரு வருட வசூல்: 10 லட்சம் × 365 = 36 கோடியே 50 லட்சம் ரூபாய்.

"அடேயப்பா, எவ்வளவு லாபம்!" என்று தோன்றும். பொறுங்கள். இதில்தான் வங்கிக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். அசல் கட்ட வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ஆம்புலன்சும் கிரேனும் வைத்திருக்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒரு முறை தார் போட வேண்டும். ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால் அரசுக்கும் பங்கு தர வேண்டும். முதல் சில வருடங்களில் கையில் ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம்.

பிறகு எப்படி லாபம் வரும்? நாடு வளர வளர வண்டி பெருகும். வருடத்துக்கு 5 சதவீதம் வண்டி கூடினால், சுமார் 14 வருடத்தில் இரண்டு மடங்காகும். சுங்கக் கட்டணமும் வருடா வருடம் ஏறும். 2008ஆம் ஆண்டு விதிகளின்படி 3 சதவீதம் நிச்சயமாக ஏறும். அதோடு, மொத்த விலை ஏற்றத்தில் 40 சதவீதமும் சேரும். மொத்த விலை 5 சதவீதம் ஏறினால் கட்டணமும் 5 சதவீதம் ஏறும்.

வண்டி 5 சதவீதம், கட்டணம் 5 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் வசூல் சுமார் 7 வருடத்தில் இரண்டு மடங்காகும். கடனோ குறைந்துகொண்டே வரும்.

இது தென்னந்தோப்பு போல. முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும், உரம் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். பிறகு வெட்டு வெட்டாகக் காய் வரும். எனவே, எத்தனை வருடத்துக்குக் குத்தகை என்பது மிக முக்கியம். கடைசி ஐந்து வருடக் காய்ப்பு முதல் ஐந்து வருடம் போல இருக்காது.

ஒரே சாலை, இரண்டு விலை

மகாராஷ்டிரத்தில் மும்பை-புனே விரைவுச் சாலை இருக்கிறது. நீளம் சுமார் 94 கிலோமீட்டர். மாநில அரசு நிறுவனம் அதைக் கட்டியது. 2002-இல் வேலை முடிந்தது. 2004-இல் சுங்கம் வசூலிக்கும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. காலம் 15 வருடம். தொகை 918 கோடி ரூபாய்.

2019-இல் அந்தக் காலம் முடிந்தது. 2020-இல் மறுபடியும் குத்தகை விட்டார்கள். இந்த முறை காலம் சுமார் 10 வருடம். தொகை 8,262 கோடி ரூபாய்.

918-ஐ ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். 8,262 வரும். குத்தகைக் காலம் குறைந்தது. தொகையோ ஒன்பது மடங்கானது.

இடையில் ரூபாயின் மதிப்பு குறைந்தது உண்மைதான். ஆனாலும் நாட்டின் வளர்ச்சி அந்தச் சாலையின் மதிப்பை மிகவும் உயர்த்திவிட்டது. வளரும் காலத்தில் நீண்ட குத்தகை விடுபவர் இதை யோசிக்க வேண்டும். வளர்ச்சியின் பலன் முழுவதும் குத்தகைக்காரருக்கா? ஊருக்கும் பங்கு உண்டா?

கூடுதலாக ஏலம் கேட்டால்?

நிறுவனங்களும் ஏமாறுவது உண்டு. ஊரில் புளியமர ஏலம் நடக்கிறது. போட்டியில் ஒருவர் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார். பிறகு பூ உதிர்ந்துவிட்டால் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

2011-இல் இது போல ஒன்று நடந்தது. ராஜஸ்தானில் உள்ள கிஷன்கர் ஊரிலிருந்து குஜராத்தின் அகமதாபாத் வரை 555 கிலோமீட்டர் சாலை. அதை ஆறு வழிச் சாலையாக மாற்ற வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் ஏலம் எடுத்தது. முதல் வருடமே அரசுக்கு 636 கோடி ரூபாய் தருவதாகச் சொன்னது. இரண்டு வருடம் ஆவதற்குள் விலகிக்கொண்டது. அனுமதிகள் கிடைக்கத் தாமதம் என்று காரணம் சொன்னது.

அந்தக் காலத்தில் வேறு பல சாலைகளும் பாதியில் நின்றன. நிலம் கிடைக்கத் தாமதமானது. எதிர்பார்த்த வண்டிகள் வரவில்லை. கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பணம் திரும்பவில்லை. வங்கியில் இருப்பது யார் பணம்? நாம் போட்டு வைத்த பணம்.

வட்டி குட்டி போட்ட பாலம்

இனி ஒரு பாலத்தின் கதை. இது நடந்த கதை.

டெல்லிக்குப் பக்கத்தில், உத்தரப் பிரதேசத்தில், நொய்டா என்ற நகரம் இருக்கிறது. நடுவில் யமுனை ஆறு. இரண்டையும் இணைக்க ஒரு பாலச் சாலை திட்டமிட்டார்கள். 1997-இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2001-இல் சாலை திறக்கப்பட்டது. செலவு சுமார் 408 கோடி ரூபாய். 30 வருடம் சுங்கம் வசூலிக்கலாம் என்பது ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. நிறுவனத்துக்கு வருடம் 20 சதவீதம் லாபம் கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால், குறைந்த தொகையை அசலோடு சேர்த்துக்கொள்ளலாம். சேர்ந்த தொகைக்கும் மறு வருடம் 20 சதவீதம் லாபம் வேண்டும்.

இது எப்படி வளரும்? 100 ரூபாயை வைத்துக் கணக்குப் போடுவோம்.

முதல் வருடம்: அசல் 100. வர வேண்டியது 20. வந்தது 5. குறைவு 15. அசல் 115 ஆகிறது.
இரண்டாம் வருடம்: வர வேண்டியது 23. வந்தது 7. குறைவு 16. அசல் 131 ஆகிறது.
மூன்றாம் வருடம்: வர வேண்டியது 26 ரூபாய் 20 பைசா. வந்தது 10. குறைவு 16 ரூபாய் 20 பைசா. அசல் 147 ரூபாய் 20 பைசா ஆகிறது.

பார்த்தீர்களா? மூன்று வருடத்தில் மக்கள் 22 ரூபாய் கட்டிவிட்டார்கள். ஆனால் கடன் குறையவில்லை. 100-லிருந்து 147 ஆகிவிட்டது! கட்டக் கட்டக் கடன் ஏறுகிறது. இதை நாம் வட்டிக்கு வட்டி என்போம். கந்துவட்டியில் மாட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு தவறும் இதில் இருக்கிறது. நிறுவனம் தாறுமாறாகச் செலவு செய்தால் என்ன ஆகும்? லாபம் குறையும். குறைந்தது அசலில் சேரும். அதாவது, செலவு செய்பவருக்கு நட்டம் இல்லை. கட்டுபவருக்குத்தான் நட்டம். அப்புறம் யார் சிக்கனமாக இருப்பார்கள்?

அந்தச் சாலையில் தினம் போய் வருபவர்கள் இதை விடவில்லை. நொய்டா குடியிருப்போர் சங்கங்கள் ஒன்று கூடின. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார்கள். கணக்குப் போட்டார்கள். 2012-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2016 அக்டோபர் 26 அன்று தீர்ப்பு வந்தது. சுங்க வசூல் அன்றே நின்றது.

நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பர் 20 அன்று அங்கேயும் தோற்றது. டெண்டர் விடாமல் கொடுத்த ஒப்பந்தம் அது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்கு முறை நியாயமற்றது என்றது. போட்ட பணத்தையும் லாபத்தையும் நிறுவனம் ஏற்கெனவே எடுத்துவிட்டது என்றும் சொன்னது. இன்று அந்தச் சாலையில் சுங்கம் இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நிறுவனத்தின் பங்குகள் பங்குச் சந்தையில் விற்கப்பட்டவை. 30 வருடம் வசூல் வரும் என்று நம்பி வாங்கியவர்களும் இருந்தார்கள். 15 வருடத்தில் வசூல் நின்றது. அவர்கள் பணமும் கரைந்தது. மக்களுக்கு நியாயம் இல்லாத ஒப்பந்தம் முதலீடு செய்தவரையும் காப்பாற்றாது. இதை இரண்டு பக்கமும் நினைவில் வைக்க வேண்டும்.

நல்ல ஒப்பந்தம் எது?

நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

1. எல்லோருக்கும் தெரிய ஏலம் விட்டார்களா?
2. குத்தகை என்று முடியும் என்பது தெளிவாக இருக்கிறதா?
3. நட்டம் வந்தால் யார் தலையில் விழும்? லாபம் எதிர்பாராமல் கூடினால் யாருக்குப் பங்கு?
4. சாலை பள்ளமானால் நிறுவனத்துக்கு அபராதம் உண்டா?

எதிர்பார்த்ததைவிட வண்டி அதிகம் வந்தால் குத்தகைக் காலத்தைக் குறைக்கலாம். குறைவாக வந்தால் கொஞ்சம் கூட்டலாம். இப்படி எழுதிய ஒப்பந்தங்களும் உண்டு. இது இரண்டு பேருக்கும் பொதுவான நியாயம்.

நாமும் இதில் பணம் போடலாமா?

இப்போது இதற்கும் வழி இருக்கிறது. பல சாலைகளின் சுங்க வருமானத்தை ஒன்றாகச் சேர்த்து ஒரு அறக்கட்டளை போல நடத்துகிறார்கள். அதில் பங்கு வாங்கலாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014-இல் இதற்கு விதி போட்டது. பங்கிட வேண்டிய பணத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பங்குதாரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நெடுஞ்சாலை ஆணையமும் 2021-இல் இப்படி ஒன்றைத் தொடங்கியது. கனடா நாட்டு ஓய்வூதிய நிதிகள் அதில் பணம் போட்டன. 2022-இல் பொதுமக்களுக்கும் கடன் பத்திரம் விற்றார்கள்.

ஆனால் கவனம். இது அஞ்சலகச் சேமிப்பு அல்ல. பங்கின் விலை ஏறும், இறங்கும். வண்டி குறைந்தால் வருமானம் குறையும். கடன் வாங்கி இதில் போடாதீர்கள். மகளின் கல்யாணத்துக்கு வைத்த பணத்தைப் போடாதீர்கள். "நிச்சயம் 20 சதவீதம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால், நொய்டா பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செபியில் பதிவு செய்ததா என்று முதலில் பாருங்கள். எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். புரியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சுங்கச்சாவடியில் நம் உரிமை

கடைசியாக, தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள். இவை தேசிய நெடுஞ்சாலைகளுக்கான விதிகள்.

- இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் சுங்கம் இல்லை. டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே வேறு சாலை இருக்கும்போது இரு சக்கர வண்டி பெரிய சாலையில் போனால், காருக்கு உள்ளதில் பாதி கேட்கலாம்.
- 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பினால் இரண்டு முறைக் கட்டணம் இல்லை. ஒன்றரை மடங்குதான்.
- சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர், வாடகைக்கு ஓட்டாத தம் சொந்த வண்டிக்குக் குறைந்த விலையில் மாதப் பாஸ் வாங்கலாம்.
- சொந்த உபயோகக் கார்களுக்கு 2025 ஆகஸ்டு 15 முதல் வருடப் பாஸ் வந்தது. 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்று அறிவித்தார்கள்.
- ஒரே சாலையில் ஒரே திசையில், இரண்டு சாவடிகளுக்கு நடுவே பொதுவாக 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும்.
- வண்டிகளுக்கு ஃபாஸ்டேக் வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து இது கட்டாயம். இல்லாவிட்டால் கூடுதல் பணம் கட்ட வேண்டும்.
- விபத்து நடந்தாலும், வண்டி நின்றாலும் 1033 என்ற எண்ணைக் கூப்பிடலாம். சாலையைப் பற்றிப் புகாரும் சொல்லலாம்.

சாவடியில் கட்டணப் பலகை இருக்கும். முன்பு அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனோம். இப்போது எழுத்துத் தெரியும். நின்று படியுங்கள். எந்த வண்டிக்கு எவ்வளவு, யாருக்கு விலக்கு என்று பாருங்கள்.

ஒப்பந்தம் பற்றித் தெரிய வேண்டுமா? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதலாம். நாமே எழுதலாம்.

நண்பர்களே! சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல சாலை வந்தால் கர்ப்பிணிப் பெண் சீக்கிரம் மருத்துவமனை போகிறாள். நம் காய்கறி வாடாமல் சந்தைக்குப் போகிறது. போட்ட பணத்துக்கு நியாயமான லாபம் எடுப்பதும் தவறில்லை. ஆனால் நியாயம் எது என்று கணக்குப் பார்க்க வேண்டும். நொய்டா மக்கள் பார்த்தார்கள். நாமும் பார்ப்போம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்ச் சந்தைக் குத்தகை எத்தனை வருடத்துக்கு விடப்படுகிறது? எப்படி ஏலம் நடக்கிறது?
2. 100 ரூபாய்க் கணக்கில் நான்காம் வருடம் 12 ரூபாய் வந்தால், அசல் எவ்வளவு ஆகும்? எழுதிப் பாருங்கள்.
3. உங்களுக்கு அருகில் உள்ள சுங்கச்சாவடியின் கட்டணப் பலகையைப் படித்து, விவரத்தை நோட்டில் எழுதி வாருங்கள்.